ராபினுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. ஓர் இதழின் அறிவியல் பக்கத்துக்குப் பழ ஈயைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றிக்கொண்டிருக்குமே, கடுகளவு ஈ, அதுதான். கீரனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அதை வளர்த்து ஆராய்கிற பெண் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். போனேன், பார்த்தேன், எழுதினேன். அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒருமுறை காட்டினேன். செய்தியாளனாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார். "அண்ணனப் பத்தி ஒரு வரி இருக்கே, அத மட்டும் எடுத்துருங்க."

எடுத்தேன். அந்த வரி போனதும் அடுத்த வரியில் இருந்த அறை யாருடையது என்று தெரியாமல் போயிற்று. அறையையும் எடுத்தேன். அறை போனதும் அதற்குள் வளர்ந்த ஈக்களுக்கு இடமில்லை. அவற்றையும் எடுத்தேன். அவை இல்லாமல் ஆய்வு முடிவுக்கு அர்த்தமில்லை. கடைசியில் கட்டுரையில் மிஞ்சியது ஒரு கலைச்சொல் விளக்கம். ஒரே ஒரு வரியை நீக்கியதற்கு இவ்வளவு.

அந்தக் கட்டுரையில் நான் விளக்க முயன்றதும் இதைத்தான். அது எனக்கு உறைத்தபோது அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் விளக்கைப் போட்டேன். பட்டப்பகல்.

ஆகவே கதையாக எழுதுகிறேன். பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. அண்ணன் ராபின், தங்கை ஜாஸ்பின். உண்மையான பெயர்களும் இப்படித்தான், ஒரே மூச்சில் சேர்த்துக் கூப்பிடத் தோதாக இருக்கும். இந்த ஒற்றுமையை மட்டும் நான் மாற்றவில்லை. மாற்றினால் கதை இல்லை.

2

முதல் தொடக்கம்:

[புதுக்கோட்டை மாவட்டத்தின் வறண்ட நிலத்தில், செம்மண் பறக்கும் ஒரு மாலையில்,]

வேண்டாம். அன்று மழை பெய்தது.

இரண்டாம் தொடக்கம்:

[மரபணு என்பது ஒரு புத்தகம் என்றால்,]

இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது நிற்கட்டும். கீரனூரில் திருச்சி பேருந்து. ஜன்னலோர இருக்கையில் முப்பதை நெருங்கும் ஒரு பெண், மடியில் ஒரு கூடை. கூடைக்குள் பஞ்சடைத்த கண்ணாடிக் குப்பிகள். அடியில் மக்காச்சோள மாவும் வெல்லமும் காய்ச்சி ஊற்றிய பழுப்புக் கூழ். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, லேகியமா?"

"ஈ."

"என்னது?"

"ஈ வளக்குறோம். காலேஜுக்கு."

"எங்க வீட்டுக்கு வாங்க, சும்மாவே தாரேன்" என்றார் கண்டக்டர். பேருந்தே சிரித்தது. "எத்தன உருப்படி இருக்கும்? லக்கேஜ் போடணும்ல?"

"எண்ணிச் சொல்லுங்க, தலைக்கு ஒரு டிக்கெட் எடுத்துர்றேன்" என்றார் அந்தப் பெண். அவர்தான் ஜாஸ்பின். ஆவூர்க்காரர். கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர், மீதி நேரத்தில் ஆய்வு.

இந்தக் காட்சி உங்களுக்குப் பிடித்திருந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். இதே காட்சியை வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தேன். அதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

3

நுண்ணோக்கியில் முதன்முதலாக அந்த ஈயின் கண்ணைப் பார்த்தபோது ஏதோ நோய் என்று நினைத்தேன். பழ ஈயின் கண் செங்கல் சிவப்பாக இருக்கும். இதில் சிவப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக, சுண்ணாம்பு பாதி உரிந்த சுவர் மாதிரி இருந்தது.

"நோயெல்லாம் இல்ல சார்" என்றார் ஜாஸ்பின். "செகப்பு குடுக்குற ஜீன் முழுசா இருக்கு. ஒரு எழுத்துகூட கெடல. எடம்தான் மாறிப்போச்சு."

அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. இழையின் சில பகுதிகள் தளர்வாகக் கிடக்கின்றன. செல் அவற்றை வாசிக்கிறது. சில பகுதிகள் இறுகச் சுருண்டு, தம்மைப் பற்றிக்கொள்ளும் புரதங்களோடு பொதியாகக் கிடக்கின்றன. அவை பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை. இந்த இறுகிய பகுதிக்குப் பெயர் ஹெட்டரோகுரோமாட்டின்.* இழை ஓரிடத்தில் உடைந்து தலைகீழாக ஒட்டிக்கொண்டால், தளர்வான இடத்தில் இருந்த ஒரு மரபணு இறுகிய பகுதியின் பக்கத்தில் போய் உட்கார நேரும். அப்போது அந்த இறுக்கம் எல்லை தாண்டிப் பரவும். பக்கத்தில் வந்தது எதுவானாலும் அதுவும் வாயடைத்துப் போகும்.

"எல்லா செல்லுலயும் பரவாது" என்றார். "சிலதுல பரவும், சிலதுல நின்னுரும். முட்டைக்குள்ள கரு வளரும்போதே அந்த முடிவு விழ ஆரம்பிச்சுரும். ஒரு செல்லு ஊமையாயிருச்சுன்னா, அதுல இருந்து பிரியிற செல்லெல்லாம் பெரும்பாலும் ஊமைதான். அதான் திட்டுத் திட்டா தெரியுது."

"எது தீர்மானிக்கிறது, எந்தச் செல்லில் பரவும் என்று?"

"தெரியாது சார். சூடு ஒரு காரணம். சூட்டுல வளந்தா செகப்பு கூடும், குளுருல வளந்தா வெள்ள கூடும். மத்தபடி, பக்கத்துல யாரு உக்காந்துருக்கான்றதுதான்."

* எழுதும்போது இந்தச் சொல்லை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவெடுத்தேன். நீளமான சொல் என்பது காரணமில்லை. அது வருகிற பத்தியில் மற்ற வாக்கியங்கள் சுருங்குகின்றன. வேண்டுமானால் மேலே போய்ப் பாருங்கள்.

4

இப்போது ஜாஸ்பினின் அம்மா ஜெபமாலையம்மாள். இவரை எழுதுவதில்தான் எனக்கு அதிக சந்தேகம். முதல் வரைவில் அழுதுகொண்டே இருந்தார். [முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அந்தத் தாய்,] அடித்துவிட்டேன். நான் பார்த்த பெண் அழவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்தினார்:

"ஏ ஈக்காரி! ஒன்னத் தேடி ஒரு சார் வந்துருக்காரு. பேப்பர்ல போடுவாராம். மூஞ்சியக் கழுவிட்டு வா, இல்லன்னா ஈ படத்தப் போட்டு ஒம் பேர எழுதிருவாரு."

நல்ல வாய். பத்து நிமிடத்தில் என் நடை, என் குடை, என் தலைமுடி மூன்றையும் கிண்டல் செய்துவிட்டார். காப்பி கொடுத்தார். மகளைக் கூப்பிட அவரிடம் சொற்கள் ஏராளம்: ஈக்காரி, ஏ புள்ள, இந்தா, பெரிய படிப்பு, மகராசி. மூன்றாவது முறை போனபோதுதான் கவனித்தேன். பெயர் மட்டும் இல்லை.

"எத்தனை வருஷமா?" என்று பேருந்து நிறுத்தத்தில் ஜாஸ்பினிடம் கேட்டேன்.

"அண்ணன் போனதுல இருந்து. ஆறு வருஷம்."

ராபின் ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டினார். மீன்பிடித் துறையான கோட்டைப்பட்டினத்துக்கு ஐஸ் கொண்டுபோய் இறக்குவது வேலை. ஒருநாள் இறக்கிவிட்டு, சும்மா பார்க்கலாமே என்று ஹாஜா முகைதீன் என்பவரின் படகில் ஏறிக் கடலுக்குப் போனார். காற்று திரும்பியது. படகு வந்தது, மற்ற எல்லோரும் வந்தார்கள். உடல் கிடைக்கவில்லை. ஹாஜா முகைதீன் தானே ஆவூருக்கு வந்து, அந்த வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாராம்:

"விழுந்தது தெரிஞ்சதும் பேரச் சொல்லிக் கூப்பிட்டோம்மா. சத்தம் வந்துச்சு. 'வாரேன்'னாரு. தெளிவாக் கேட்டுச்சு, நாங்க அத்தன பேரும் கேட்டோம். லைட்ட அடிச்சுக்கிட்டே நின்னோம். வரல."

ஜெபமாலையம்மாள் அவருக்குச் சோறு போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ராபின் என்ற பெயர் பேசப்படவில்லை. அவர் விலக்கி வைத்ததாகத் தெரியவில்லை. அது வரவில்லை, அவ்வளவுதான். பிறகு கோட்டைப்பட்டினம் வரவில்லை. பிறகு கடல். பிறகு மீன்; வாங்குவதும் நின்றது, சொல்லும் நின்றது. பிறகு ஐஸ். விருந்தாளிக்கு மோர் கொடுக்கும்போது "குளுந்தது போடவா?" என்பார். பிறகு, ராபினுக்குப் பக்கத்திலேயே இருந்த பெயர். பிள்ளைகள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட அந்த அம்மாவுக்கு ஒரே கூப்பாடுதான் இருந்தது: "ராபினூ ஜாஸ்பினூ!" முன்பாதி இறுகிப்போனபோது பின்பாதியும் கூடப் போய்விட்டது.

"சில நாளு பாதி வரும் சார். 'ஜா'ன்னு ஆரம்பிக்கும். அப்பறம் 'இந்தா'ன்னு ஆயிரும். வெயில் காலத்துல ஒண்ணு ரெண்டு தடவ முழுசா வந்துருக்கு. மழ காலத்துல சுத்தமா வராது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது. ஈய வச்சு எங்கம்மாவ அளக்காதீங்க."

நான் அளக்கவில்லை. முதலில் அளந்தது அவர்தான். இதை அவர் வாசிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

5

கல்லூரியில் ஈக்களை வைக்கும் குளிர்பெட்டி கோடை விடுமுறையில் பழுதானது. பழுதுபார்க்க ஆள் இல்லை. ஜாஸ்பின் ஒரு தப்பு செய்தார்: குப்பிகளில் பாதியை ஆவூருக்குக் கொண்டுபோனார். வீட்டிலேயே குளுமையான இடம் பின்பக்க மண்சுவர் அறை. அது ராபினுடையது. ஆறு வருடம் பூட்டியே கிடந்தது. அம்மாவிடம் சாவி கேட்டார். அம்மா மறுபேச்சில்லாமல் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தச் சாவி எப்போதும் அங்கேதான் இருந்தது என்று ஜாஸ்பினுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த தலைமுறை ஈக்கள் பொரிந்து வந்தன. கல்லூரியில் வெக்கையில் விட்டுவந்த குப்பிகளில் கண்கள் எதிர்பார்த்தபடி சிவந்திருந்தன. ராபின் அறையில் பிறந்தவற்றின் கண்கள் வெள்ளை. ஒரு திட்டுகூட இல்லாத முழு வெள்ளை.

"மண்சுவரு, குளுமையா இருந்துருக்கும்னு தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன். காலேஜ்ல என்ன வெக்கையோ அதே வெக்கதான் உள்ளயும்."

அந்த ஈக்களை நான் பார்த்தேன். கண்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. வெளுத்த இரண்டு புள்ளிகள், எதையும் திருப்பிப் பார்க்காதவை.

ஒரு நண்பகலில் ஜாஸ்பின் வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்கு வந்தார். தெருவில் ஆளில்லை. வாசல் திறந்திருந்தது. பின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல். பழைய குரல், ஆறு வருடத்துக்கு முந்தியது, ராகத்தோடு:

"ராபினூ ஜாஸ்பினூ! சாப்புட வாங்க!"

ஜாஸ்பின் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பிறகு உள்ளேயிருந்து பதில் வந்தது. "வாரேன்." சற்று விட்டு இன்னொரு "வாரேன்."

இந்த இடத்தில் நான் அவரிடம் கேட்டது செய்தியாளனின் கேள்வி: "அண்ணன் குரல் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?"

"மொதக் குரல் எனக்குத் தெரியல சார். அதுக்கு நான் பயப்படல. ரெண்டாவது என் குரல். நான் வாயத் தொறக்கல."

[அவர் கதவைத் திறந்தபோது உள்ளே]

[அறைக்குள்]

[ஜெபமாலையம்மாள் குப்பிகளுக்கு முன்னால், இரண்டு]

மூன்று முறை முயன்றுவிட்டேன். அவர் எனக்குச் சொன்னதை மட்டும் வைக்கிறேன்: உள்ளே அம்மா தனியாக இருந்தார். முகம் மலர்ந்திருந்தது. மகளைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அணைந்தது. "இந்தா, செருப்போட நிக்கிற? போய்க் கை கழுவு" என்றார்.

6

பேருந்துக் காட்சியை முதலில் ஐந்தாம் பகுதிக்கு அடுத்துத்தான் வைத்திருந்தேன். இறுக்கத்துக்குப் பிறகு கொஞ்சம் சிரிப்பு வரட்டும் என்று. ஒரு வாரம் கழித்து வாசித்துப் பார்த்தேன். கண்டக்டர் குனிந்து கூடையைப் பார்க்கிறார். எதுவும் கேட்கவில்லை. ஜாஸ்பின் நீட்டிய காசை வாங்கிக்கொண்டு நகர்கிறார். நான்தான் எழுதியிருக்கிறேன், என் நடைதான். ஆனால் லேகியம் என்ற சொல்லை அங்கே எழுதிய நினைவு மட்டும் எனக்கு இருக்கிறது, சொல் இல்லை. காட்சியை இரண்டாம் பகுதிக்குத் தூக்கிவந்தேன். பேச்சு திரும்பியது.

அந்த நாட்களில்தான் ஜாஸ்பின் தொலைபேசியில் அழைத்தார். குரலில் உற்சாகம். ராபின் அறையின் வெள்ளைக் கண் ஈக்களைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் வளர்த்தாராம். அவற்றின் பிள்ளைகளுக்குச் சிவப்பு வந்துவிட்டது.

"எதுவும் போகல சார். உள்ளயேதான் இருந்துச்சு. எடத்த மாத்துனதும் வந்துருச்சு." பிறகு, அவர் உண்மையில் சொல்ல வந்தது: "வார கல்லறைத் திருநாளுக்கு அம்மாவ அழச்சுக்கிட்டுப் போகப் போறேன். அண்ணன் பேர ஒருதடவ வெளிய சொல்லிட்டா, அதுக்கு அப்பறம் என் பேரு தன்னால வரும்."

"அம்மா சம்மதித்தாரா?"

"மொதல்ல, 'வாரேன்னு சொன்ன புள்ளைய செத்த ஆளுகளோட எப்படிடி நிப்பாட்டுறது'ன்னுச்சு. நான் ஒண்ணுதான் கேட்டேன். நான் இங்கதானம்மா இருக்கேன், என்னைய ஏன் கூப்பிட மாட்டேங்குறன்னு. நேத்து, 'வாரேன் ஒன்கூட'ன்னு சொல்லிருச்சு."

அந்தச் சொல்லை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் அப்போது ஒன்று சொல்லியிருக்கலாம். முதல் சந்திப்பில், கட்டுரையில் போட வேண்டாம், வாசிப்பவர்கள் குழம்புவார்கள் என்று அவர் எனக்கு ஒரு தகவல் சொல்லியிருந்தார். அந்த இறுகிய பகுதிக்குள்ளேயே பிறப்பிலிருந்து குடியிருக்கும் மரபணுக்களும் சில உண்டு. அவை அங்கேதான் வேலை செய்யும். சுற்றிலும் அந்த இருட்டு இருந்தால்தான் அவற்றுக்குக் குரல் வரும். வெளியே, தளர்வான இடத்துக்கு மாற்றினால் அவை திக்கித் தடுமாறும். அவற்றில் ஒன்றுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'லைட்'. வெளிச்சம். அதுவும் ஈயின் கண் நிறத்தில் பங்கெடுப்பதுதான்.

சாத்திய அறைக்குள் மட்டும் முழுதாக ஒலித்த அந்தக் கூப்பாட்டைப் பற்றி அவருக்கு நினைவூட்ட எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் நவம்பர் வந்துவிட்டது.

7

நவம்பர் இரண்டு, மாலை, தூறல். கல்லறைத் தோட்டத்தில் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும். காற்றுக்குத் தேங்காய்ச் சிரட்டையைச் சாய்த்து மறைப்பு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் அதனதன் கல்லறையைச் சுற்றி நின்றது. கல்லறை இல்லாதவர்கள், வெளியூரில் புதைத்தவர்கள், உடல் கிடைக்காதவர்கள், நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் நிற்பார்கள். ஜெபமாலையம்மாளும் ஜாஸ்பினும் அங்கே நின்றார்கள். நான் ஒரு வேலியோரம்.

உபதேசியார் ஞானமணி கையில் ஒயரில்லாத மைக்கோடு ஒவ்வொரு குடும்பமாக வந்தார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். வீட்டார் இறந்தவர் பெயரை அவர் காதில் சொல்வார்கள். அவர் மைக்கில் சொல்வார். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் அந்த ஆன்மாவின் இளைப்பாற்றிக்கு ஜெபம் சொல்லும். பெயர், ஜெபம். பெயர், ஜெபம். தாளம் போல நகர்ந்தது.

சிலுவையடிக்கு வந்தார். "சொல்லுங்கக்கா, பேரு?"

ஜெபமாலையம்மாள் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை ஜாஸ்பின் எனக்கு விவரித்திருந்தார், நான் பார்ப்பது அதுவே முதல்முறை. மூச்சை இழுத்தார். உதடு குவிந்து, முன்பாதி வரவேண்டிய இடத்தில் காற்று மட்டும் வந்தது. பிறகு தெளிவாக, ராகத்தோடு:

"ஜாஸ்பினூ."

ஞானமணி மைக்கை வாயருகே கொண்டுபோய்விட்டு நிறுத்தினார். உள்ளங்கையால் மைக்கை மூடிக்கொண்டு ஜாஸ்பினைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒம் பேரச் சொல்லுது. நான் எதச் சொல்லட்டும்?"

ஆறு வருடமாகக் கேட்கக் காத்திருந்த சொல். அது இறந்தவர்களின் வரிசையில் வந்து நின்றது. திருத்தினால் அம்மாவின் வாயிலிருந்து வந்ததைப் பொய்யென்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். திருத்தாவிட்டால் உயிரோடு நின்றபடி தனக்கான ஜெபத்தைக் கேட்க வேண்டும். ஜாஸ்பின் வாயைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குரல் எழவில்லை.

அந்த இடைவெளியில், தாளத்துக்குப் பழகிய கூட்டம் பெயர் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு ஒரே குரலில் ஜெபத்தைச் சொல்லிவிட்டது.

8

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஜாஸ்பின் மைக்கைப் பிடுங்கி "ராபின்" என்கிறார். அம்மா அழுகிறார், வீட்டில் பெயர்கள் திரும்புகின்றன. வாசித்தபோது அந்த ஜெபமாலையம்மாள் முதல் வரைவில் நான் அடித்துப்போட்ட பெண்ணாக இருந்தார்.

ஞானமணி "ஜாஸ்பின்" என்றே சொல்கிறார். இதற்கு அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவைத்திருக்கிறேன்.

[அம்மாவும் மகளும் நானும் வீட்டுக்கு வருகிறோம். பின் அறைக்குள் ஏற்கெனவே யாரோ]

ஆக, என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: சொல்லி முடித்த ஒரு ஜெபம், அதற்கு முன்னால் ஒரு காலி இடம். மைக் இன்னும் மூடிய கைக்குள் இருக்கிறது. தூறல் நிற்கவில்லை. இரண்டு பெயர்கள் உங்களுக்குத் தெரியும். ஒருவர் வாரேன் என்று சொன்னவர். இன்னொருவர் உங்கள் முன்னால் வாய் திறந்து நிற்கிறார். ஜெபம் யாருடையது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். நான் இருவருக்கும் மிக அருகில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாக என் பேச்சிலும் சில சொற்கள் வருவதில்லை. நீங்கள் தள்ளி இருக்கிறீர்கள்.

ஆகவே கீழே விட்டிருக்கும் இடத்தில் ஒரு பெயரை நீங்களே சொல்லுங்கள். மனதுக்குள் வாசித்துக்கொண்டால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். "வாரேன்" என்று பதில் வந்தால் அது எந்தக் குரல் என்று எனக்கு எழுத வேண்டாம். உங்கள் குரலாக இல்லாதவரை சரிதான்.

[                    ]